மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உயர்கல்விப் பக்கத்தில், விமானங்களையும் விண்கலங்களையும் பற்றிய ஏரோஸ்பேஸ் பொறியியலில் இளநிலைப் பட்டம் படிக்க ஏற்ற பல்கலைக்கழகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் தேடித் தொகுத்திருந்த உழைப்புக்கு என் பாராட்டுகள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தரவரிசை எண் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து ஒரு மாணவர் எப்படி முடிவெடுப்பார் என்ற கவலையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் விமானக் கட்டமைப்புகளின் வலிமையைக் கணக்கிட்டுச் சோதிக்கும் துறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். புதிதாகப் பட்டம் பெற்று வருபவர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் எனக்கு உண்டு. எந்தப் படிப்பு எப்படிப்பட்ட பொறியாளரை உருவாக்கி அனுப்புகிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவள் நான். பட்டியலில் மேலே இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் தடுமாறுவதையும், கேள்விப்படாத பெயருடைய இடத்திலிருந்து வந்தவர் நிதானமாகப் பதில் சொல்வதையும் பலமுறை பார்த்துவிட்டேன். இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. ஆக, நல்ல பொறியாளரைத் தீர்மானிப்பது அந்த எண் இல்லை.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். க்யூஎஸ் நிறுவனத்தின் உலகத் தரவரிசையில், 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, கல்வியாளர்கள் மத்தியில் உள்ள நற்பெயருக்கு 30 சதவீத மதிப்பு. பேராசிரியர்களின் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டும் அளவுக்கு 20 சதவீதம். வேலை கொடுப்பவர்கள் மத்தியில் உள்ள பெயருக்கு 15. ஆசிரியர், மாணவர் விகிதத்துக்கு 10. இந்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியலிலும் ஆராய்ச்சிக்கும் தொழில்முறைச் செயல்பாட்டுக்கும் 30 சதவீதம் உண்டு. முனைவர் பட்டம் படிக்கப் போகிறவருக்கு இவை பயன்படும் எண்கள். ஆனால் 18 வயதில் உள்ளே நுழைகிற மாணவர், மூன்றாம் ஆண்டில் காற்றுச் சுரங்கத்தை (மாதிரிகளின் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கருவி) தானே இயக்குவாரா, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பாரா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது.

என் அண்ணன் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து இடம் வந்தது. ஒன்று பட்டியலில் நல்ல உயரத்தில் இருப்பது, மற்றது அதைவிட வெகுவாகக் கீழே இருப்பது. “அத்தை, இதில் யோசிக்க என்ன இருக்கு? மேலே இருக்கிறதுக்கே போயிடறேனே” என்றாள். முடிவெடுப்பதற்கு முன்னால் இரண்டு துறைகளுக்கும் ஒரே கடிதம் எழுதச் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் காற்றியக்க ஆய்வகத்திலும் கட்டமைப்பு ஆய்வகத்திலும் என்னென்ன சோதனைகள் நடக்கின்றன, ஒரு சோதனையில் எத்தனை மாணவர்கள் சேர்ந்து நிற்பார்கள், கருவியை இயக்குவது யார், வடிவமைப்பு புராஜெக்ட் எந்த ஆண்டில் வருகிறது, அதன் முடிவில் மாணவர் எதைக் கையில் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான் கேள்விகள்.

ஒரு துறையிலிருந்து வண்ணப் படங்களோடு கையேடு வந்தது. மிகையொலி வேகக் காற்றுச் சுரங்கத்தின் படம், ஆராய்ச்சித் திட்டங்களின் பெயர்கள், முன்னாள் மாணவர்களின் சாதனைகள். எங்கள் கேள்விகளுக்குப் பதில் அதில் இல்லை. திரும்ப எழுதியபோது, அந்தச் சுரங்கம் ஆராய்ச்சிக்கானது, இளநிலை மாணவர்களுக்கு ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுவோம் என்றார்கள். இன்னொரு துறை, மூன்றாம் ஆண்டு ஆய்வகக் கையேட்டையே அப்படியே அனுப்பி வைத்தது. பக்க ஓரத்தில் யாரோ பேனாவில் திருத்தம் எழுதியிருந்த நகல். நான்கு பேர் கொண்ட குழு, சுரங்கத்தைக் குழுவே இயக்க வேண்டும், உதவியாளர் பாதுகாப்புக்கு மட்டும் பக்கத்தில் இருப்பார் என்று அதில் எழுதியிருந்தது. அவள் அங்கேதான் சேர்ந்தாள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரே ஒரு சோதனையை விவரிக்கிறேன். பெரும்பாலான ஏரோஸ்பேஸ் பாடத்திட்டங்களில் பெயரளவிலாவது இருக்கும் சோதனைதான் இது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் ஒரு மாதிரியைச் சுரங்கத்துக்குள் பொருத்தியிருப்பார்கள். அதன் மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் ஊசி முனை அளவுக்குத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, அழுத்தத்தைத் திரவத்தின் உயரத்தால் காட்டும் மானோமீட்டரில் சேரும். காற்றை ஓடவிட்டு, இறக்கையின் கோணத்தை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்ற வேண்டும். முன்விளிம்பை ஒட்டிய மேற்பரப்புத் துளைகளில் அழுத்தம் குறையக் குறைய, அந்தக் குழாய்களில் திரவம் மேலே ஏறிக்கொண்டே போகும். 14, 15 டிகிரியை நெருங்கும்போது (இது வடிவத்தையும் காற்றின் வேகத்தையும் பொறுத்து மாறும்) ஏறி நின்ற திரவமெல்லாம் சட்டென்று இறங்கும். மேற்பரப்புக் குழாய்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்து நடுங்கத் தொடங்கும். இறக்கை ஸ்டால் ஆகிவிட்டது, காற்றோட்டம் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். சில வடிவங்களில், கோணத்தை ஒரு டிகிரி குறைத்தாலும் ஓட்டம் உடனே திரும்ப ஒட்டாது, இன்னும் இறக்கியாக வேண்டும்.

கோணத்தைத் தன் கையால் ஏற்றி இதைப் பார்த்தவருக்கு ஸ்டால் என்பது வாழ்நாளுக்கும் மறக்காது. நேர்காணலில் நான் ஓர் அழுத்த வரைபடத்தைக் கொடுத்து, ஓட்டம் எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது என்று கேட்பேன். சோதனையைச் செய்தவர், கோடு தட்டையாகப் போகத் தொடங்கும் இடத்தில் விரலை வைப்பார். முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர் வரையறையைத்தான் ஒப்பிப்பார். இரண்டு பேருக்கும் மதிப்பெண் சான்றிதழில் ஒரே கிரேடு இருக்கும்.

பெரிய சுரங்கம் இருந்தால்தான் நல்ல துறை என்ற எண்ணம் பெற்றோர்களிடம் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் 1901இல் மரப்பெட்டியில் செய்த காற்றுச் சுரங்கத்தின் நீளம் வெறும் 6 அடி, உள்ளளவு 16 அங்குலச் சதுரம். அதில் ஏறக்குறைய 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பிக் கணக்குப் போட்ட எண்கள் தங்கள் கிளைடருக்கு ஏன் பொருந்தவில்லை என்ற குழப்பம் அந்தச் சோதனைகளில்தான் தெளிந்தது. 1903இல் பறந்த விமானத்தின் இறக்கைக்கு அந்தப் பெட்டிதான் அடிப்படை. மாணவர்கள் கைக்கு எட்டும் ஒரு சிறிய சுரங்கம், பூட்டிக் கிடக்கும் பெரிய சுரங்கத்தைவிட இளநிலை மாணவருக்கு எத்தனையோ மடங்கு மேல்.

கட்டமைப்பு ஆய்வகத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. என் சொந்தத் துறை என்பதால் எனக்கு அதில் கூடுதல் வருத்தம். 1954இல் டி ஹாவிலாண்ட் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியிலும் ஏப்ரலிலும், வானத்திலேயே உடைந்து விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். பறந்து பறந்து வருடக்கணக்கில் படும் பாட்டை அது சில வாரங்களில் பட்டது. கடைசியில் உடற்பகுதி பிளந்தது. ஜன்னல் போன்ற திறப்பின் மூலையில் தகைவு (உலோகத்துக்குள் எழும் விசையின் செறிவு) குவிந்து, திரும்பத் திரும்பப் பளு ஏறி இறங்குவதால் வரும் உலோக அயர்ச்சியால் விரிசல் விட்டிருந்தது. இன்றைக்கும் புதிய பெரிய பயணிகள் விமான வகைகளுக்கு அயர்ச்சிச் சோதனை நடப்பதன் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது.

இதைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. ஓர் அலுமினியத் தகட்டில் துளை போட்டு, அதன் விளிம்பில், உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜைத் தானே ஒட்டி, எடையைத் தொங்கவிட்டு அளப்பது வேறு. பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் பசை பிடிக்காது. கம்பியைச் சரியாகப் பற்றவைக்காவிட்டால் எண் நிலைக்காமல் அலையும். அறையின் வெப்பம் ஏறினாலே அளவு நகர்ந்துவிடும். இதையெல்லாம் சரிசெய்த பிறகு, துளையின் ஓரத்தில் வரும் எண் மற்ற இடத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதைப் பார்க்கும்போதுதான் விமானத்தின் ஜன்னல் மூலைகள் ஏன் வளைவாக இருக்கின்றன என்று உறைக்கும். ஆகவே, பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சுரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். கட்டமைப்புச் சோதனைக் கூடம் எங்கே என்று கேளுங்கள். கருவிகளின் மேல் தூசி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மென்பொருள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை உயர்ந்த மென்பொருள் இருக்கிறது என்று பல துறைகள் விளம்பரம் செய்கின்றன. இறக்கை வடிவங்களைக் கணக்கிட அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ட்ரெலா 1980களில் எழுதிய எக்ஸ்ஃபாயில் நிரல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி தரும் விடையையும் ஆய்வகத்தில் அளந்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் வித்தியாசம் வருகிறது என்று மாணவரை எழுதவைக்கிறார்களா என்று கேட்டால் போதும்.

வடிவமைப்பு புராஜெக்டுக்கு வருவோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பின் கடைசிப் பகுதியாக, சுமார் பத்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து பத்து வாரம் முழுநேரமும் ஒரே வடிவமைப்பில் வேலை செய்கிறார்கள். எம்ஐடியில் இரண்டாம் ஆண்டிலேயே கட்டமைப்பு, பாய்மவியல், வெப்பவியக்கவியல், சிக்னல்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பின்னிய ஒரே தொகுப்பாக நடத்துகிறார்கள். எல்லோரும் டெல்ஃப்டுக்கோ எம்ஐடிக்கோ போக முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் இந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்று படித்துவிட்டு, தனக்குக் கிடைத்திருக்கும் இடத்தின் சிலபஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல பாடங்களை ஒரே விமானத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை எங்காவது இருக்கிறதா, எல்லாம் தனித்தனிப் பரீட்சையோடு முடிந்துவிடுகிறதா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மாணவர் போட்டிக் குழுக்களையும் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஏரோ டிசைன் போட்டி 1986 முதலும், ஏஐஏஏ என்ற விமான, விண்வெளிப் பொறியாளர் அமைப்பின் டிசைன், பில்ட், ஃப்ளை போட்டி 1990களின் நடுப்பகுதியிலிருந்தும் நடக்கின்றன. ரிமோட்டில் இயங்கும் விமானத்தைத் தாங்களே வடிவமைத்து, செய்து, குறிப்பிட்ட சுமையோடு பறக்கவிட வேண்டும். இந்தக் குழுக்களில் இருந்தவர்களிடம் எனக்குப் பிடித்தது, எடையைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் பதற்றம். ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். துறையில் இப்படி ஒரு குழு இருக்கிறதா, முதலாம் ஆண்டு மாணவரைச் சேர்த்துக்கொள்வார்களா, பட்டறை மாலையில் திறந்திருக்குமா என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய கோப்பைகளைவிட, பட்டறையின் மூலையில் கிடக்கும் உடைந்த இறக்கைகள் அதிகம் சொல்லும்.

அப்புறம், பட்டத்தின் பெயரில் உள்ள குழப்பம். ஏரோநாட்டிக்கல் என்றால் வளிமண்டலத்துக்குள் பறப்பவை, ஆஸ்ட்ரோநாட்டிக்கல் என்றால் விண்கலங்கள், ஏரோஸ்பேஸ் இரண்டையும் தழுவியது. ஏவியானிக்ஸ் என்பது விமானத்தின் மின்னணுப் பக்கம். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் முற்றிலும் வேறு பாதை. ஐரோப்பாவில் பார்ட் 66 விதிகளின்படி பி1, பி2 என்று தனித் தேர்வுகளும் பணி அனுபவமும் கொண்டு பெறுவது அது. ஏரோஸ்பேஸ் பட்டம் வாங்கினால் விமானத்தைப் பழுதுபார்த்துக் கையெழுத்திடலாம் என்றோ, விமானம் ஓட்டலாம் என்றோ நினைத்துச் சேரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே யாராவது அவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பிறகு ஏரோஸ்பேஸுக்கு வரலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான் முதலில் படித்தது கணிதமும் இயற்பியலும், ஆங்கில இலக்கியமும், மெக்கானிக்கல் பொறியியலும்தான். ஏரோநாட்டிக்கலுக்கு அமெரிக்கா போன பிறகுதான் வந்தார். அப்துல் கலாம் திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டே மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்குப் போனார். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும், 1972இல் அங்கிருந்து கடைசியாகக் கிளம்பிய யூஜின் செர்னனும் ஒரே பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஆம்ஸ்ட்ராங் ஏரோநாட்டிக்கல், செர்னன் எலெக்ட்ரிக்கல். ஏரோஸ்பேஸ் துறை பலவீனமாகவும் மெக்கானிக்கல் துறை வலுவாகவும் இருக்கும் இடம் கிடைத்தால், மெக்கானிக்கலை எடுத்துக்கொண்டு முதுநிலையில் மாறிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. ஆனால் பறப்பின் நிலைத்தன்மை, கட்டுப்பாடு, சுற்றுப்பாதை இயக்கவியல் போன்ற பாடங்கள்தான் ஒரு பிள்ளையைத் தூங்கவிடாமல் இழுக்கின்றன என்றால் அவை மெக்கானிக்கலில் பொதுவாக வராது. அந்தப் பிள்ளையை நான்கு ஆண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமாகாது.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொரு விஷயம் குடியுரிமை. வெளிநாட்டில் படிக்கப் போகும் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட வேண்டும். அமெரிக்காவில் ஐடார் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆயுத ஏற்றுமதி விதிகள், ஏவுகணை, ராக்கெட், ராணுவ விமானம் சார்ந்த தொழில்நுட்பத் தகவல்களை அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதியாகவோ அடைக்கலம் பெற்றவராகவோ ஏற்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்களிடம் அரசின் அனுமதியில்லாமல் பகிரக் கூடாது என்கின்றன. வகுப்பறைப் பாடத்துக்கு இதனால் தடையில்லை, பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கற்பிக்கும் பொறியியல் கோட்பாடுகள் இந்த விதியில் அடங்காது. சிக்கல் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தொடங்குகிறது. அங்குள்ள ராக்கெட் நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே குடியுரிமை பற்றிய கேள்வி இருக்கும். நன்றாகப் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தோடு நின்றுபோய் மனம் உடைவதைப் பார்த்திருக்கிறேன். பயணிகள் விமானத் துறையில் கெடுபிடி குறைவு, அங்கேயும் சில பிரிவுகள் மூடியிருக்கும். மற்ற நாடுகளிலும் பாதுகாப்புத் துறை வேலைகளுக்கு இதுபோன்ற சோதனைகள் உண்டு. அதனால் பல்கலைக்கழகத்திடம் “உங்கள் மாணவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “வெளிநாட்டிலிருந்து வந்து படித்தவர்களுக்கு எங்கே கிடைத்தது” என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.

அங்கீகாரமும் அதே மாதிரிதான். 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய வாஷிங்டன் உடன்படிக்கையில் உள்ள நாடுகள், ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று சமமாக ஏற்கின்றன. இந்தியாவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏ அமைப்பு 2014இல் முழு உறுப்பினரானது. நாடு உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். பிரிட்டனில் சார்ட்டர்டு எஞ்சினியர் என்ற தொழில்முறைத் தகுதிக்கு வேண்டிய படிப்பாக, அங்கீகாரம் பெற்ற எம்இங் என்ற முதுநிலைப் பட்டம் முழுமையாகப் போதும், பிஇங் என்ற இளநிலைப் பட்டம் மட்டும் படித்தவர் மேற்கொண்டு படித்தாக வேண்டும். சேரும் முன்பே இதைப் பார்த்துக்கொண்டால் பின்னால் அலைய வேண்டியதில்லை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும்போது கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். சேர்க்கை அலுவலர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, கடைசி ஆண்டு மாணவர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். “போன வாரம் ஆய்வகத்தில் என்ன செய்தீங்க?” என்று கேட்டால் போதும். உற்சாகமாக விளக்கத் தொடங்குகிறாரா, யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாரா என்று பிள்ளைக்கே புரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது தரவரிசை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்களைச் சேர்க்க முடியுமா? அந்தப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்யும் ஆய்வகச் சோதனைகள், வடிவமைப்பு புராஜெக்டின் கால அளவு, வெளிநாட்டு மாணவர்களுக்கு மூடியிருக்கும் வேலைகள். தங்கள் நிருபர்கள் கேட்டால் பல்கலைக்கழகங்கள் பதில் சொல்லும். பதில் சொல்லாத பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
விமானக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்